43 வயதில் எட்டு போட்டேன்

போன வாரம் விரைவுத் தபாலில் ஓட்டுநர் உரிமம் வந்தது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். பிரித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

"எனக்கு பேலன்ஸ் வராது." ஒன்பது வயதிலிருந்து இதையே சொல்லி வந்தேன். வாடகை சைக்கிளில் விழுந்து, கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்துப் பெரியப்பா, "இவளுக்கு பேலன்ஸே வராது, விட்டுடுங்க" என்றார். வீட்டில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். வேலை தேடியதே நடந்து போகிற தூரத்தில்தான். 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொன்னபோது, வீட்டில் சூழ்நிலை சரியில்லை என்று மறுத்தேன். உண்மையில் கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் திரும்பி வர வழியில்லை, அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட்டது. கணவர் வெளியூரில். வாசலில் வண்டி நிற்கிறது. ஆட்டோ வர 40 நிமிஷம் ஆனது. மறுநாளே எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பித்தேன்.

முதல் நாள் கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "பேப்பர் குறையுது" என்று திருப்பித் தள்ளினார். எந்தப் பேப்பர் என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. அரை நாள் விடுப்பு போனது. வெளியே நின்ற ஒருவர்தான் சொன்னார்: 40 வயது தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் கிளம்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். அடுத்த முறை எல்.எல்.ஆர். கிடைத்துவிட்டது.

நாத்தனார் மகள்தான் மைதானத்தில் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வாரம் ஒரே கதை. நடக்கிற வேகத்தில் போவேன், இரண்டு காலும் தரையை உரசும், கண் முன்சக்கரத்தை விட்டு நகராது. வண்டி ஆடும். "பாத்தியா, எனக்கு வராது" என்பேன். ஒரு நாள் அவள், "அத்தை, இவ்வளவு மெதுவா போனா எனக்கும்தான் ஆடும்" என்று வண்டியை வாங்கி, நான் போகும் வேகத்திலேயே ஓட்டிக் காட்டினாள். பத்தடி போவதற்குள் அவளும் காலை ஊன்றினாள். கல்லூரிக்கு தினமும் வண்டியில் போகிற பெண்! எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருசக்கர வண்டி ஓடினால்தான் நிமிர்ந்து நிற்கும். பேலன்ஸ் வராது என்ற பயத்தில் நான் மெதுவாகப் போனேன். மெதுவாகப் போனதால்தான் அது ஆடியது. ஆடிய ஒவ்வொரு தடவையும் பெரியப்பா சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் முதல் தேர்வில், எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது, இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். நான் இரண்டு மாதம் போகவில்லை. அந்த ஒரு வரி பழையதையெல்லாம் கிளறிவிட்டது.

அப்புறம் அம்மாவிடம் போனில் பேசும்போது அந்த சைக்கிள் பேச்சு வந்தது. "அதுக்கு முன்சக்கரம் கோட்டம்டி. உங்கப்பா கடைக்காரர்கிட்ட போய் சண்டை போட்டுட்டு வந்தார். அதே வாரம் அதே சைக்கிள்ல இன்னொரு பையனும் விழுந்தான்" என்றார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் சைக்கிளே வேணாம்னுட்டியே."

எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். 19 நாள் மீதி இருந்தபோது மறுபடி போனேன். எட்டு போடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டுவிடாமல், இடது கை பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போங்கள். வண்டி ஆடாது. எனக்கு ஆடவில்லை. அதே மனிதர்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார்.

அந்த மேற்பார்வையாளர் இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அடுத்து எந்தக் கிளையில் காலியானாலும் போகத் தயார் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன்.