ரொறன்ரோவில் சோற்றுக் கோப்பையும் குளுக்கோஸ் மீற்றரும்

ஊரில் 180 என்று வாசித்த இரத்தச் சீனி கனடாவில் 10.0 என்று வரும். இரண்டும் ஒரே அளவுதான். ஊர் மீற்றர் ஒரு டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். இங்கத்தைய மீற்றர் ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று காட்டும். ஊர் எண்ணை 18ஆல் வகுத்தால் போதும்: 72 என்பது 4.0, 126 என்பது 7.0, 252 என்பது 14.0. புதிதாக வந்த அம்மா அப்பா 14ஐக் கண்டு சீனி இறங்கிவிட்டது என்று நினைத்து இனிப்பைத் தேடினால் ஆபத்து. அதனால் வந்த முதல் வாரமே இந்த நாலைந்து எண்களையும் பெரிதாக எழுதி பிரிஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஏ1சி இங்கேயும் ஊரைப் போலச் சதவீதத்தில்தான் வரும். லண்டனில் ஏ1சி வேறு அலகில் வரும்; அங்கே இருக்கும் உறவினர் 53 என்று சொன்னால் அது இங்கே 7 சதவீதம்.

கனடாவில் நீரிழிவு உள்ள பெரும்பாலான வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 4.0 முதல் 7.0, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 5.0 முதல் 10.0. வயதானவர்களுக்கும் சீனி அடிக்கடி இறங்குகிறவர்களுக்கும் வைத்தியர் இதைத் தளர்த்தி வைப்பார்.

ரொறன்ரோ வட்டாரத்தில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் சம்பா அரிசி முதல் ஒடியல் மா வரை எல்லாம் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஊரில் கட்டுப்பாட்டில் இருந்த சீனி இங்கே ஏன் ஏறுகிறது? சாப்பாட்டைச் சுற்றியிருந்த வாழ்க்கை மாறிவிட்டது. ஊரில் மத்தியானம் சோறு சாப்பிட்டபின் வெயிலில் நடை, சைக்கிள், முற்றத்து வேலை என்று ஏதாவது இருந்தது. இங்கே வேலைத்தலத்தில் ஒரு சான்ட்விச், இரண்டு கோப்பி. முழுச்சோறும் இரவு ஒன்பது மணிக்கு. பிறகு சோபா, படுக்கை. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் படுத்தால் அந்த உதவி கிடைக்காது. அடுத்த நாள் விடிய எடுக்கும் அளவும் பலருக்கு உயர்ந்தே நிற்கும்.

சோற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. விட்டவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வருவார்கள், அதுவும் பெரிய கோப்பையோடு. சோற்றை அளந்து சாப்பிடப் பழகுவதுதான் நிலைக்கும். பலருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 45 முதல் 60 கிராம் மாச்சத்து (கார்போஹைட்ரேட்) என்று தொடங்குவார்கள். உடம்பு, வேலை, மருந்தைப் பொறுத்து அது கூடும், குறையும்.

அளக்க ஒரு சமையலறைத் தராசு வேண்டும். பச்சையாக 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து. 400 கிராம் அரிசி போட்டால் பானையில் 320 கிராம். வெந்தபின் பானையோடு நிறுத்து, வெறும் பானையின் நிறையைக் கழியுங்கள். சோறு 1,100 கிராம் வந்தால் 100 கிராம் சோற்றில் 29 கிராம். அப்படியானால் 45 கிராம் மாச்சத்துக்கு 155 கிராம் சோறு. ஒரே அரிசி, ஒரே தண்ணீர் என்றால் ஒருமுறை செய்த கணக்கு அடுத்தடுத்த நாட்களுக்கும் உதவும். பிறகு அந்த 155 கிராம் எந்தக் கரண்டியில் எத்தனை என்று பார்த்துக்கொண்டால் தராசு தினமும் தேவைப்படாது.

இங்கே அடிக்கடி பிழைப்பது கப் கணக்கு. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிலீற்றர். கனடாவின் அளவுக் கப் 250. குக்கர் கப் ஒன்றில் சுமார் 150 கிராம் அரிசி, அதாவது 120 கிராம் மாச்சத்து. இரண்டு பேருக்கு ஒரு குக்கர் கப் போட்டால் ஆளுக்கு 60. வீட்டில் எந்தக் கப் என்று தெரியாமல் "ஒரு கப்" என்று உணவு ஆலோசகரான டயற்றீசியனிடம் சொன்னால் அவர் போடும் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் எண்ணிக்கை உதவாது. கடைக்குக் கடை இடியப்பத்தின் அளவு வேறு. மாவை நிறுங்கள். அரிசி மாவோ அவித்த கோதுமை மாவோ குரக்கனோ, 100 கிராம் உலர்ந்த மாவில் 70 முதல் 80 கிராம் மாச்சத்து இருக்கிறது. குரக்கனில் நார் கூட, ஆனபடியால் ஏற்றம் சற்று மெதுவாக இருக்கலாம். அதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் போய்விடும். ஒருவருக்கு 60 கிராம் மா எடுத்து, முருங்கையிலையோ கீரையோ துருவிய கரட்டோ கைநிறையச் சேர்த்து அவித்த மரக்கறிப் பிட்டு கோப்பையும் நிறைக்கும், வயிற்றையும் நிறைக்கும். எங்கள் சமையலில் ஏற்கனவே இருக்கும் அருமையான வழி இது. ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்பது தெரியவில்லை.

கறிகளில் கவனிக்க வேண்டியது, சோற்றோடு உருளைக்கிழங்குப் பிரட்டல், மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய்ப் பொரியல் என்று மாச்சத்து மேல் மாச்சத்து சேருவது. கிழங்கு சமைத்த நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும். பருப்பு, கடலை, பயறு ஆகியவற்றிலும் மாச்சத்து உண்டு. ஆனால் நாரும் புரதமும் கூடவே வருவதால் அவ்வளவு வேகமாக ஏற்றாது. 2019இல் வந்த கனடா உணவு வழிகாட்டி கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒதுக்கியது. எங்கள் கோப்பையில் அந்தப் பாதியை வறை, கீரை, வல்லாரைச் சம்பல், வெள்ளரிக்காய் நிரப்பலாம். வறையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், அதே அளவு சோற்றுக்கும் ஏற்றம் குறையும். குழைத்துச் சாப்பிடும் பழக்கத்துக்கு இது கடினம்தான். முதல் ஐந்து நிமிடம் வறைக்கு என்று வைத்தாலே நல்லது.

கடைச் சாமானின் லேபிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. கனடா லேபிளில் ஆங்கிலத்தில் கார்போஹைட்ரேட், பிரெஞ்சில் குளுசிட் என்று வரும் எண்ணுக்குள் நாரும் அடக்கம். அதனால் நாரைக் கழித்தே கணக்கிட வேண்டும்: இரண்டு துண்டு பாணுக்கு 40 கிராம், நார் 6 என்றால் உங்கள் கணக்கு 34. தமிழ்க் கடைகளில் இருக்கும் பிரித்தானிய, ஐரோப்பிய லேபிள்களில் நார் ஏற்கனவே வெளியே எடுக்கப்பட்டிருக்கும். அங்கே திரும்பவும் கழிக்கக் கூடாது. சீனி என்ற வரியை மட்டும் பார்த்து வாங்குவதும் பிழை. "சீனி சேர்க்காத" பிஸ்கட்டிலும் மா இருக்கிறது. மாவும் குளுக்கோஸாகத்தான் மாறும். பனங்கட்டியும் தேனும் சீனிக்கு மாற்று அல்ல. ஒரு கப் தோடம்பழச் சாற்றில் ஏறக்குறைய 26 கிராம் மாச்சத்து; பழத்தைச் சாப்பிட்டால் பாதிக்கும் கீழே, நாரும் கிடைக்கும்.

கொத்துரொட்டியில் ரொட்டி மட்டும் 250 கிராம் இருந்தால் 110 கிராம் மாச்சத்துக்கு மேல். எண்ணெய் கூடிய சாப்பாடு சமிப்பதற்கு நேரம் எடுப்பதால் இரண்டாம் மணித்தியாலத்தில் மீற்றர் நல்ல எண் காட்டி, நாலாம் மணித்தியாலத்தில் ஏறலாம். பிறந்தநாள், சாமத்தியவீடு என்று போனால் ரோல்ஸ் ஒன்றுக்குள்ளேயே உருளைக்கிழங்கு, மா உறை, ரஸ்க் தூள் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. ஒன்று எடுத்தால் அதைச் சோற்றுக் கணக்கில் சேருங்கள்.

உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பதை மீற்றர்தான் சொல்லும். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை குத்துங்கள். வித்தியாசம் 3ஐத் தாண்டினால் அந்தச் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம்: ஒருநாள் சோற்றை மட்டும் குறைத்து, இன்னொரு நாள் அதே சோற்றோடு 15 நிமிடம் நடந்து. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் எடுத்தால் பொய்யான உயர்வு வரும்.

மாச்சத்தைக் குறைக்குமுன் மருந்துப் பெயரைப் பாருங்கள். மெட்போமின் தனியாக எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளைபுரைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் பழைய அளவு மருந்தோடு சோற்றைப் பாதியாக்கினால், வேலைக்கு நடுவில் நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வரும். 4.0க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சீனி: மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில் கரைத்து, அல்லது 150 மில்லிலீற்றர் சாறு. 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள், இன்னும் 4.0க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். சொக்கிலேற் இதற்கு உதவாது, கொழுப்பு அதைத் தாமதமாக்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் எடுப்பவர்கள் மாச்சத்தை ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. சீனி உயராமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

மாரியில் நடப்பதற்குக் கடைத்தொகுதிகள், அதாவது மோல்கள், இருக்கின்றன. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே நடக்கலாம். இன்சுலினையும் குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பையும் காருக்குள் விடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பாவிக்க உதவாது.

ஒன்ராறியோவில் மாகாண நிதியில் நடக்கும் நீரிழிவுக் கல்வித் திட்டங்களில் தாதியையும் டயற்றீசியனையும் பணம் கட்டாமல் பார்க்கலாம். பலவற்றுக்கு வைத்தியரின் கடிதமே தேவையில்லை. பதிவு செய்யும்போதே தமிழ் பேசுபவர் அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது மீற்றர், மருந்துப் பெட்டிகள், ஒரு வேலைநாளும் ஒரு சனிக்கிழமையும் சாப்பிட்ட கோப்பைகளின் படங்கள், வீட்டுக் குக்கர் கப் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.