கடைமேசையில் தமிழ்ப் பத்திரிகை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் முன்பெல்லாம் ஒரே பத்திரிகை நாலு மேசை சுற்றும். பால்மரம் வெட்டிவிட்டு வரும் பெரியவர்கள் முதலில் திருப்புவது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். இப்போது அந்தச் செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்துவிடுகிறது, கூடவே யார் கிளப்பியது என்றே தெரியாத வதந்தியும்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. நட்டம்தான் காரணம், சரி. ஆனால் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் முன்னாள் தலைவரின் குடும்பத்தார் கையில் இருந்த பத்திரிகையை எத்தனை பேர் முழுதாக நம்பினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் உரிமம். 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகை நடத்த உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 1987 ஓப்ஸ் லாலாங் என்ற கைது நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளும் முடக்கப்பட்டன. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012-இல்தான் நீங்கியது. உரிமம் இன்னும் வேண்டும்.

தோட்டத்தை விற்றதும் வீடில்லாமல் நிற்கும் நம் ஆட்களைப் பற்றி மற்ற மொழிப் பத்திரிகைகள் எப்போதாவதுதான் எழுதும். மக்கள் ஓசையோ மலேசிய நண்பனோ, கைப்பேசியில் படிப்பவர்களும் ஞாயிறு பதிப்பையாவது காசு கொடுத்து வாங்குங்கள். உங்கள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கிறது? சொல்லுங்கள், பக்கத்துத் தோட்டத்தாருக்கும் தெரியட்டும்.