பாலனுக்கு ஒரு கட்டு வைக்கோல்

தங்கையின் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அம்மா வைத்த நேர்த்தி இது. பிள்ளை வீடு வந்து சேர்ந்தால், மன்னார்ப் பேராலயத்து இயேசு பாலன் குடிலுக்கு எங்கள் வயல் வைக்கோலைத் தானே சுமந்து வந்து போடுவதாக. மெழுகுதிரி என்று நேர்ந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். மார்கழியில் முருங்கன் வயல்களில் வைக்கோலுக்கு எங்கே போவது? பயிர் பச்சையாக நிற்கும் காலம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்து மாசியில் அறுத்ததில் ஒரு கட்டைப் பத்து மாதம் பரணில் வைத்துக் காத்தார். மாட்டுக்குக்கூட அதில் ஒரு தாள் கொடுக்கவில்லை.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முதல்நாள் நல்ல மழை. வைக்கோலுக்கு உரப்பையைப் போர்த்திவிட்டு நாங்கள் நனைந்தோம். பஸ்ஸில் நடத்துநர் முகம் சுளித்தார். பாலத்தில் ஏறும்போது மழை விட்டிருந்தது. தீவுக்குள் இறங்கியதும் உப்புக் காற்றும் புழுக்கமும். ஓட்டோக்காரர் எங்களுக்கு இருமடங்கு கேட்டார், வைக்கோலுக்குத் தனியாக. திருவிழாக் கூட்டத்தைக் கண்டால் இவர்களுக்குக் கணக்கே மாறிவிடுகிறது. நடந்தோம்.

மன்னார்க் கழுதைகளை அறியாதவர் உண்டா? பேராலயத்துக்குச் சற்று முன்னால், சுவரோரம் நின்ற ஒன்று பின்னாலேயே வந்து, உரப்பை விலகிய இடத்தில் வாயை வைத்து ஒரு பிடியை இழுத்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றினேன். அம்மா தடுத்தார்.

"விடு பிள்ளை. அன்றைக்குத் தொழுவத்தில் நின்ற சாதியல்லவா, அதற்கும் பங்கு உண்டு."

அது சாவகாசமாக மென்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூக்கு மயிரில் மழைத்துளி.

புனித செபஸ்தியார் பேராலயத்துக்குள் கால் வைக்க இடமில்லை. நடுச்சாமப் பூசையை வெளியே நின்று கண்டோம்; கண்டோம் என்பதைவிட, முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த கைபேசிகளைக் கண்டோம் என்பதே சரி. 'உன்னதங்களிலே' கீதம் தொடங்கி மணிகள் அடித்தபோது பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை.

பூசை முடிந்து, பாலனை முத்தி செய்ய முண்டியடித்த வரிசையில் குடிலை அடைய நெடுநேரம் ஆயிற்று. ஓலைக் கூரையில் பஞ்சை ஒட்டியிருந்தார்கள், பனியாம்! கீழே நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கோவில் பொடியன் ஒருவன் கட்டை வாங்கி ஓரமாக வைக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். அவர் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு பிடியாக எடுத்து உதறி, பாலனின் காலடியில் பரப்பினார். பஸ்ஸெல்லாம் முணுமுணுத்துவந்த செபம் எங்கே போயிற்றோ, "கொண்டு வந்துவிட்டேன் ராசா" என்றது மட்டும்தான் கேட்டது. தங்கை பிள்ளையைக் குனியப் பிடித்தாள். பிள்ளை முத்தமிடாமல் ஒரு வைக்கோல் தாளைப் பற்றிக்கொண்டது. உள்ளங்கைக்குள் அடங்கியிருந்த அந்தத் தலை, ஆண்டவரே, இன்று தானாக நிமிர்ந்து உம்மைப் பார்க்கிறது. என்ன சொல்லி நன்றி சொல்வேன்? பின்னாலிருந்து இடித்தார்கள், இடிக்கட்டும்.

விடிந்ததும் தோட்டவெளிக்குப் போய், 1544-இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாளுக்கு விசுவாசத்துக்காக இரையான வேதசாட்சிகளையும் வேண்டிக்கொண்டு திரும்பினோம்.

வைக்கோல் கட்டிய கயிறு அம்மாவின் பையிலேயே இருந்தது. எறியச் சொன்னேன். மாசி அறுவடைக்கு வேண்டுமாம்.