ஒற்றைப்படை எண்ணும் மொய் நோட்டும்

"எக்ஸைக் கண்டுபிடி." சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு வருடம், சேர விண்ணப்பிக்கும் மாணவர்கள் எழுத வேண்டிய கட்டுரைக்குக் கொடுத்த கேள்வி இவ்வளவுதான். இன்னொரு வருடம் மான்டிஸ் இறாலைப் பற்றிக் கேட்டார்கள். நம் கண்ணில் நிறம் உணரும் செல் வகைகள் 3, அதன் கண்ணில் 16 என்றது கேள்வி. அதற்குத் தெரிகிற எதுவெல்லாம் நமக்குத் தெரியாமல் போகிறது? எழுது பார்க்கலாம். அவர்களுடைய மாணவர்களும் பழைய மாணவர்களும் அனுப்பும் யோசனைகளிலிருந்துதான் இந்தக் கேள்விகள் உருவாகின்றன. பழைய வருடத்துக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளலாம், நாமே ஒரு கேள்வி போட்டு நாமே பதில் எழுதவும் செய்யலாம்.

என் அக்கா மகள் திருச்சியிலிருந்து இந்த வருடம் அங்கே விண்ணப்பிக்கிறாள். நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆரோராவில் இருக்கிறேன் என்பதால், "சித்திக்கு இதெல்லாம் தெரியும்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது ப்ளஸ் டூ. கணக்கு முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகக் கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப், அப்புறம் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங். நீ யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கட்-ஆஃபைச் சொல்லியிருப்பேன்.

அவள் எடுத்துக்கொண்டது, "ஒற்றைப்படை எண்களில் அப்படி என்ன விசித்திரம்?" என்ற பழைய கேள்வியை. கணக்குப் பிடிக்கும், அதனால்.

முதலில் அனுப்பியதைப் படித்தேன். பித்தாகரஸ் கூட்டத்தார் ஒற்றைப்படையை ஆண் என்றும் இரட்டைப்படையை பெண் என்றும் வைத்தார்கள். 2 தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை. ஒற்றைப்படையில் ஒரு பெர்ஃபெக்ட் நம்பர் (தன்னைத் தவிர மற்ற வகுக்கும் எண்களைக் கூட்டினால் அதுவே வரும் எண்) உண்டா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லாம் சரி, ஒரு பிழை கிடையாது. வினாவங்கிக்குப் படித்த பிள்ளை வேறெப்படி எழுதும்? ஐந்து மதிப்பெண் வினா என்றால் ஐந்து பாயிண்ட். சந்தேகத்துக்கு அதே கேள்வியைச் சாட்ஜிபிடியிடம் போட்டுப் பார்த்தேன். அதுவும் பித்தாகரஸில்தான் ஆரம்பித்தது.

இதைச் சொன்னதும் அடுத்து வந்தது நேர் எதிர். 7 என்ற எண்ணே வாய் திறந்து பேசுகிறது. தன்னை யாரும் இரண்டாகப் பங்கு போட முடியவில்லையே என்று அழுகிறது. வித்தியாசமாகக் கேட்டால் வித்தியாசமாக எழுத வேண்டும் என்று யாரோ யூட்யூபில் சொல்லியிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் இதில் கொஞ்சம் கறார். கேள்வி கோமாளிச் சட்டை போட்டு வந்தால் நாமும் போட வேண்டியதில்லை. அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, நிஜமாகவே பதில் தேட வேண்டும். வாசிக்கிறவர் பார்க்க விரும்புவது அந்தத் தேடலைத்தான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு இந்த ஊரே கிறுக்கு என்ற எண்ணம். சிகாகோ மட்டும் இல்லை என்று சொன்னேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு காலத்தில், "உன் 300 பக்கச் சுயசரிதையை எழுதி முடித்துவிட்டாய், 217ஆம் பக்கத்தை மட்டும் அனுப்பு" என்று கேட்டது. ஸ்டான்ஃபோர்டில் அறைத் தோழருக்கு 250 வார்த்தைக்குள் ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார்கள். "அறைத் தோழிக்கு எதுக்கு இப்பவே கடிதாசி?" என்றாள் அக்கா.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், ஒற்றைப்படை எண்ணை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?

"கோலத்துல, சித்தி." நேர்ப் புள்ளி, 7 தொடங்கி 1 வரை. நடுவில் 7, இரண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. அவளே போனில் பிரித்துக் காட்டினாள்: நடு வரிசையோடு ஒரு பக்கத்தைக் கூட்டினால் 1+3+5+7, அதாவது 16. மறு பக்கம் 1+3+5, அதாவது 9. நாலின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம். வாசலில் தினம் மிதித்துப் போகிற கோலத்துக்குள் இது இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்புறம், "மொய் நோட்டுல" என்றாள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கம். ஆடி, ஆவணியில் அங்கே மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். வாங்கியதை அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எங்கள் அப்பா ஒரு விருந்தில் இவளையும் நோட்டெழுத உட்கார வைத்திருக்கிறார். 501, 1001, 2001 என்றே வரவும், "ஏன் தாத்தா எல்லாத்துலயும் ஒரு ரூபா தொங்குது?" என்று கேட்டிருக்கிறாள். "பூஜ்யத்துல முடிஞ்சா உறவும் முடிஞ்சிரும் தாயி" என்றாராம்.

இங்கேதான் அவளுக்கு நிஜமான கேள்வி பிறந்தது. தாத்தா சொல்வது கணக்குப்படி சரியா? 1001 வைத்தவருக்கு 1001 திருப்பிச் செய்தால் தீர்ந்தது கணக்கு. அந்த ஒற்றை ரூபாய் எதையும் தொங்க விடவில்லை. இரண்டையும் கூட்டினால் 2002, இரட்டைப்படை. எந்த ஒற்றைப்படை எண்ணையும் அதனோடேயே கூட்டினால் அதன் ஒற்றைத்தனம் போய்விடும். அப்படியானால் உறவை முடியாமல் வைத்திருப்பது எது? பழைய மொய்யைத் திருப்பும்போது அதற்கு மேல் புதிதாக ஒரு தொகை சேர்த்து வைக்கிறார்களே, அதுதான். ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. ஒரு ரூபாய் வெறும் அடையாளம், வேலையைச் செய்வது வேறொன்று.

இதை எழுதிவிட்டாள். தாத்தாவோடு உடன்படவில்லை என்று தொடங்கி, நோட்டில் ஏறிய தொகைகளை வைத்தே வாதாடியிருக்கிறாள். நான் கை வைத்தது இரண்டு இடத்தில். கோலத்தை எடுக்கச் சொன்னேன், மனசே இல்லாமல். ஒன்றிரண்டு பக்கக் கட்டுரையில் இரண்டு ஊர்வலம் போக இடமில்லை. கடைசியில் "இதன் மூலம் நான் கற்ற பாடம்" என்று ஒரு பத்தி இருந்தது, அதையும் எடுத்தாயிற்று. பித்தாகரஸ் தானாகவே காணாமல் போயிருந்தார்.

"அமெரிக்காக்காரனுக்கு மொய்யப் பத்தி என்னடி தெரியும்?" என்று அக்கா இன்னும் புலம்புகிறாள். மூன்று வரியில் விளக்கியிருக்கிறாள் பிள்ளை, அது போதும். மொய் விருந்துக்கே போகாத மதுரைக்காரருக்கும் அந்த மூன்று வரி வேண்டியிருக்கும்.

எங்கள் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாளாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "கணக்குச் சரிதான். ஆனா நான் ஐநூறா வைக்கமாட்டேன்" என்றிருக்கிறார். அதையும் சேர்க்கலாமா என்று கேட்டாள், சேர்க்கச் சொன்னேன். நவம்பர் 1 கெடு. இப்போது "ஏன் சிகாகோ?" என்ற இன்னொரு கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு.