கப்பின் காதில் ஒரு முடிச்சு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரி. அக்கா மகள் டீ கப்பின் காதில் நூலைக் கோத்து, ஒற்றைக் கையால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வர்க்கியைத் தொடவே இல்லை.

அறுவை சிகிச்சை மேற்படிப்பு, எம்.எஸ்., கடைசி வருடம். முடிச்சும் அதற்கான பழக்கம்தான்.

இங்கே எம்.பி.பி.எஸ்ஸுக்கு அப்புறம் 3 வருடத்தில் சர்ஜன். அமெரிக்காவில் 5. பிரிட்டனில் மூன்று கட்டம்: 2, அப்புறம் 2, அதற்கும் மேலே 6.

"அப்போ உனக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும்!"

"தூங்காத ராத்திரியையும் சேர்த்து எண்ணுங்க மாமா."

அங்கே பயிற்சி மருத்துவருக்கு வாரத்துக்குச் சராசரியாக இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு: பிரிட்டனில் 48 மணி நேரம், அமெரிக்காவில் 80. (80-ஐ வரம்பு என்பதே கொடுமை!) என் வயிற்றைத் திறக்கப்போகிற கை கடைசியாக எப்போது தூங்கியது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

குன்னூர் பஸ் வந்ததும் ஓடிவிட்டாள்.

கப்பைக் கழுவ எடுத்த கடைக்காரர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். முடியவில்லை. கத்தரி தேட உள்ளே போனார்.