தண்ணீரிலிருந்து எட்டும் ஏணி

அந்த முடிச்சைப் போட்டது நான்தான். மீனவர் ஒருவரின் பிரோக்கில், அதாவது ஒடுக்கமான மீன்பிடிப் படகில், பின்பக்கமாக எஸ்.எஸ். ஏணி ஒன்றைப் பொருத்தினேன். படகு ஓடும்போது ஏணி ஆடித் தடதடக்கக் கூடாது என்று, மேலே மடித்து, உள்பக்க வளையத்தோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அவரும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத்தான் போனார். மூன்று வாரம் கழித்து, பவளப்பாறை வரிசைக்கு வெளியே அவர் தனியாகத் தண்ணீரில் விழுந்தார். அப்போது ஏணி இருந்தது. முடிச்சு மட்டும் படகுக்குள்ளே இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில், மாயேபூர் பக்கம் ஒரு ஃபைபர் படகுப் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, கோயிலில் தமிழ் இருக்கிறது, ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர்ப் பேச்சுமொழி. அந்த மீனவரும் அப்படிப்பட்ட தமிழர்தான். நான் அவரை இங்குள்ள வழக்கப்படி 'தோன்தோன்' என்பேன், மாமா மாதிரி. அவர் என்னைத் 'தம்பி' என்பார். மற்றதெல்லாம் கிரியோல்.

ஊரில் இருந்தவரை ஏணியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கட்டுமரத்துக்கு எதற்கு ஏணி? மரமே தண்ணீர் மட்டத்தில் கிடக்கிறது. விழுந்தவன் வயிற்றைச் சாய்த்து உருண்டால் மேலே வந்துவிடுவான். வள்ளம் ஃபைபராக மாறி, விளிம்பு உயர்ந்து, பக்கம் கண்ணாடி போல வழுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை. பிடிக்க ஒரு கணு, ஒரு வரிச்சல் கிடையாது. இந்த ஊர் பிரோக்கும் முன்பு பலகைப் படகுதான், இப்போது பெரும்பாலும் ஃபைபர்.

இங்கே கடல் இரண்டு கடல். பாறை வரிசைக்கு உள்ளே லகூன். பல இடங்களில் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீர், காலை ஊன்றி நின்றுகொள்ளலாம். அலை உடையும் அந்தப் பாறை விளிம்பை இவர்கள் 'ப்ரிசான்' என்பார்கள். அதைத் தாண்டினால் தரை சட்டென்று இறங்கிவிடும். மீன் கூடுவதற்காக நங்கூரமிட்டு விட்டிருக்கும் மிதவைகள் அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் 23 டிகிரி அளவில் இருக்கும். நம்மூர்க்காரனுக்கு அது குளிர்தான். விரல் சீக்கிரம் விறைத்துவிடும்.

தோன்தோன் எஞ்சினை நிறுத்திவிட்டு, விளிம்போரம் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டிருக்கிறது. எஞ்சின் ஓடாததால் படகு அவரை விட்டுப் போகவில்லை, அது ஒன்றுதான் நல்லது. விளிம்பைப் பிடித்து எம்பியிருக்கிறார். படகு ஒடுக்கம், எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அவர் எம்ப எம்பப் படகு அவர் பக்கமே சாய்ந்து தண்ணீர் மொண்டது. மூன்றாவது தடவை கை கேட்கவில்லை. ஏணியின் கயிறு உள்ளே, ஒரு முழம் தள்ளி. எஞ்சின் பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு 'முருகா முருகா' என்று கிடந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு பிரோக் அந்தப் பக்கம் வந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, ஏணி மேலேயே இருந்தது" என்றார், அவ்வளவுதான். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் என்னோடு மணப்பாட்டு அண்ணாச்சி ஒருவர் வேலை செய்கிறார். அவர்தான் சொன்னார்: "ஏல, நாம எல்லாத்தையும் தரையில நின்னுதான பாக்கோம்? தண்ணிக்குள்ள இருந்து ஒருநாளாவது பாத்திருக்கோமா?" அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பிரோக்கை லகூனில் ஆழமான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். நான் பேண்ட், மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு குதித்தேன். கை சோரும் வரை அரைமணி நேரம் நீந்திய பிறகுதான் ஒவ்வொரு ஏணியாக ஏறிப் பார்த்தது.

முதலில் கயிற்றேணி. மலிவு, சுருட்டி வைத்தால் இடமே அடைக்காது, நாங்கள் நிறைய விற்றிருக்கிறோம். காலை வைத்ததுமே படி படகின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது. கால் முன்னால் போக, முதுகு தண்ணீரில் மல்லாந்தது. முழு எடையும் கையில் தொங்கியது, முழங்கால் ஃபைபரில் இடித்தது. இரண்டு முறை முயன்றேன், ஏற முடியவில்லை. அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. தோன்தோனுக்கு அறுபதுக்கு மேல்.

அடுத்தது விளிம்பில் மாட்டும் கொக்கி ஏணி. அண்ணாச்சி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஏறிவிட்டேன். அவரை என் பக்கம் வரச் சொன்னதும் படகு சாய்ந்தது, கொக்கி நகர்ந்தது. தனியாகப் போகிறவருக்கு இது ஆகாது. அதுவும் படகுக்குள் கிடக்கும் ஏணியை விழுந்தவர் எப்படி எடுத்து மாட்டுவார்?

கடைசியில் அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத் தட்டைச் சுவரான டிரான்சத்தில், மடக்கி வைக்கும் ஏணி. அதிலும் இரண்டு படி ஏணிக்கும் நாலு படி ஏணிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு படியில் அடிப்படி தண்ணீருக்குக் கீழே ஒரு சாண்தான் இறங்கும். அதில் கால் வைக்க முழங்காலை நெஞ்சுவரை தூக்க வேண்டும்; களைத்தவனால் அது நடக்காது. நாலு படியில் அடிப்படி இரண்டடி ஆழத்துக்குப் போகிறது, வீட்டு மாடிப்படி போலக் கால் தானாகப் போய் உட்காருகிறது. அமெரிக்காவின் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, அடிப்படி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. தண்ணீரில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் தானே ஏணியை இறக்கிக்கொள்ள முடிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. நான் முடிச்சுப் போட்ட அன்று இந்த இரண்டாவது விஷயம் என் மண்டையில் இல்லை.

படி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டைக் குழாய் வெறுங்காலின் நடுவில் குத்தும், நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பாதத்துக்கு அது தாங்காது. ஏணிக்கு மேலே படகின் உள்பக்கமாக ஒரு கைப்பிடியும் தேவை. மேல்படி வந்ததும் கைக்கு ஒன்றும் கிடைக்காமல் நான் மறுபடி பின்னால் விழப் பார்த்தேன்.

ஸ்டீலைப் பொறுத்தவரை 316 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். 304 ரகம் உப்புக் காற்றில் வெல்டு வைத்த இடத்திலிருந்து பழுப்பேற ஆரம்பிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையில் பயனில்லை. டிரான்சத்துக்குள் பிளைவுட் இருந்தால் துளை போட்டபடியே போல்ட்டை முறுக்கிவிடக் கூடாது. துளையைப் பெரிதாக்கி எபாக்ஸி நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் மறுபடி துளைத்து, உள்பக்கம் தகடு கொடுத்து முறுக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் இறங்கிப் பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒருநாள் ஏணியோடு சேர்ந்து டிரான்சமும் கையோடு வரும்.

பிரோக்கின் பின்பக்கம் ஒடுக்கம், எஞ்சின் நடுவில். ஆகவே ஏணியை எவ்வளவு ஓரமாகத் தள்ளினாலும் புரொபெல்லர் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். எஞ்சினோடு வரும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் விழுந்ததும் தானே நின்றுவிடும். அதைப் பலரும் சாவியோடு தொங்கவிட்டுவிட்டுப் போகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது.

எஸ்.எஸ். ஏணிக்குக் காசில்லாதவர்களுக்கு, பட்டை பெல்ட்டில் மூன்று வளையம் தைத்து, ஒவ்வொன்றிலும் பிவிசி குழாய்த் துண்டைச் செருகித் தருகிறோம். குழாய் இருப்பதால் வளையம் விரிந்தே நிற்கும், கால் நுழையும். ஏறுவது சிரமம்தான், ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

தோன்தோன் படகில் பழைய ஏணியைக் கழற்றிவிட்டு நாலு படி ஏணி வைத்தேன், காசு வாங்கவில்லை. மடித்த ஏணியை இப்போது ஒரு ரப்பர் பட்டை பிடித்திருக்கிறது. அதில் இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சு. அதன் வால் வெளிப்பக்கமாகத் தொங்குகிறது, நுனியில் சிவப்பு மிதவைக் கட்டை. வால் நீளமானால் புரொபெல்லரில் சுற்றும் என்று நான் குட்டையாகத்தான் விட்டிருந்தேன். தோன்தோன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனி மிதவையைத் தொட்டது, பிடிக்க வரவில்லை.

"தம்பி, இன்னும் ஒரு சாண்" என்றார்.

ஒரு சாண் இறக்கிக் கட்டினேன். புரொபெல்லர் வரை அளந்து பார்த்தேன், எட்டவில்லை. அவர் மிதவையைப் பிடித்து இழுத்தார், ஏணி விரிந்து அவர் முன்னால் இறங்கியது.