பைபாடை மாட்டும் முன் கைப்பிடிக் குழலைப் பாருங்கள்

முதல் வேலை ரைஃபிளின் மேகசினைக் (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. அப்புறம்தான் பைபாட், அதாவது ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால் தாங்கி.

அரைத்தானியங்கி ரைஃபிளில் பைபாடை நேராக பேரலில் மாட்டவே கூடாது. காலில் விழும் பாரம் பேரலை அழுத்தும். பாரம் மாற மாற குண்டு படும் இடமும் நகரும். பேரலைச் சுற்றி இருந்தும் அதைத் தொடாத கைப்பிடிக் குழலில் (ஃப்ரீ ஃப்ளோட்) மாட்டுங்கள். மாட்டியபின் பைபாடைக் கையால் அழுத்திக்கொண்டே பேரலுக்கும் குழலுக்கும் இடையே ஒரு தாள் துண்டை விட்டுப் பாருங்கள். சிக்கினால் குழல் வளைகிறது, அல்லது ஸ்க்ரூ நீளம். நீண்ட ஸ்க்ரூ பேரலை முட்டுவது பலர் கவனிக்காத கோளாறு.

பிகாட்டினி ரெயிலில் (துணைக்கருவி மாட்ட, குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பட்டை) பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. பைபாட் பிடியின் குறுக்கு போல்ட் பள்ளத்தில் முழுதாக இறங்க வேண்டும். ஆட்டம் இருந்தால், தோளால் முன்னே தள்ளும்போது பைபாட் பின்னுக்குப் போகும், உதைப்பில் முன்னுக்கு வரும், குண்டுகள் ஒன்றாகப் படாமல் குழு விரியும். இறுக்கம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்). பிறகு ஸ்க்ரூ தலையில் பெயின்ட் கோடு போட்டால் தளர்வது உடனே தெரியும்.

முடிந்தவரை முன்னால் மாட்டுங்கள், ஆட்டம் குறையும். கால் உயரம் மேகசின் தரையில் இடிக்காத அளவு போதும். சிமென்ட் தரையில் கால் துள்ளும், கீழே பாய் போடுங்கள்.

எஃப்-டிஆர் (பைபாட் வைத்துச் சுடும் தொலைதூர இலக்குப் போட்டி) பிரிவென்றால் ரைஃபிள், பைபாட், ஸ்கோப் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 8.25 கிலோதான். பைபாட் வாங்கும் முன் தராசு!